எழுபது வயதிலும் மலையேறும் 'லேண்ட்ரோவர்'கள்: வீட்டு முற்றமே பட்டறை, ஓட்டுநரே மெக்கானிக்

- நமது சிறப்பு நிருபர் -

புது தில்லி:

பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் தலைநகரின் சாலைகளில் ஓடலாமா, கூடாதா என்ற வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டது. 2014, 2015-ஆம் ஆண்டுகளில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, வயது கடந்த வாகனங்களுக்குப் பெட்ரோல் நிலையங்களில் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற உத்தரவு தில்லியில் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களிலேயே அது நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டுமே காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று அந்த ஆண்டு ஆகஸ்டில் கூறிய உச்ச நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை 'பாரத் ஸ்டேஜ்-4' மற்றும் அதற்குப் பிந்தைய தரத்தில் தயாரான வாகனங்களுக்கு மட்டுமே என்று சுருக்கியது.

வாகனத்தின் வயதை வைத்துத் தலைநகரில் இவ்வளவு வாதங்கள் நடந்துவந்த காலத்தில், தில்லிக்குக் கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், எழுபது வயதைத் தொட்ட வண்டிகள் சுமையும் ஆள்களும் ஏற்றிக்கொண்டு இமயமலைச் சரிவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கின்றன. மேற்கு வங்க மாநிலம் டார்ஜிலிங் மாவட்டத்தில், நேபாள எல்லையை ஒட்டியுள்ள மானேபஞ்ஜங் என்ற சிற்றூரே அவற்றின் இருப்பிடம். உலகில் வேறிடங்களில் அருங்காட்சியகங்களிலும் சேகரிப்பாளர்களின் கொட்டகைகளிலும் பாதுகாக்கப்படும் முதல் தலைமுறை 'லேண்ட்ரோவர்' வண்டிகள், இங்கு நாள்தோறும் உழைத்துப் பிழைக்கின்றன.

இந்த வண்டிகளுக்கு நிறுவனத்தின் சேவை மையம் கிடையாது. உதிரி பாகங்கள் பெட்டியில் அடைத்து வருவதில்லை. பெரும்பாலும் உரிமையாளரே ஓட்டுநர், ஓட்டுநரே மெக்கானிக், வீட்டு முற்றமே பட்டறை. இத்தனை ஆண்டுகள் அவை உயிரோடு இருப்பதற்குக் காரணமான இந்தக் கைவேலையே, இன்றைய சட்டத்தின் கண்ணில் அவற்றுக்குச் சிக்கலாகவும் இருக்கிறது.

தோட்டத் துரைகள் விட்டுச் சென்றவை

இந்தியா விடுதலை பெற்ற பின்னரும் டார்ஜிலிங் மலைப் பகுதியின் தேயிலைத் தோட்டங்கள் பல ஆங்கிலேயர் வசமே இருந்தன. செங்குத்தான தோட்டப் பாதைகளில் தேயிலை மூட்டைகளையும் ஆள்களையும் கொண்டுசெல்ல அவர்களுக்கு வலுவான வண்டி தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு 1950-களில் இங்கிலாந்திலிருந்து வந்தவையே இந்த லேண்ட்ரோவர்கள். காலப்போக்கில் துரைமார் தோட்டங்களைக் கைமாற்றிவிட்டுத் தாயகம் திரும்பியபோது, வண்டிகள் உள்ளூர் மக்களின் கைக்கு வந்து சேர்ந்தன.

லேண்ட்ரோவரின் பிறப்பே சிக்கனத்தில் நேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், தமது பண்ணையில் ராணுவத்தின் உபரி 'வில்லீஸ் ஜீப்' ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அதற்கு மாற்றாக விவசாயிகளுக்கு உதவும் வண்டி ஒன்றைத் தாமே உருவாக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1947-இல் உருவான முதல் மாதிரி வண்டி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீதே கட்டப்பட்டது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் லேண்ட்ரோவர் அறிமுகமாயிற்று. 'சீரீஸ்-1' என்று இன்று அழைக்கப்படும் அந்த முதல் தலைமுறை வண்டிகள் 1958 வரை தயாரிக்கப்பட்டன.

எஃகு கிடைக்காததால் மேற்கூட்டுக்கு அலுமினியக் கலவைத் தகடு பயன்படுத்தப்பட்டது. விலையுயர்ந்த அச்சுகள் தேவைப்படாத வகையில் தகடுகள் பெரும்பாலும் தட்டையாகவே அமைக்கப்பட்டன. முன்புறம் ஓட்டுநருக்கும் உடன் செல்வோருக்கும் இருக்கை, பின்புறம் திறந்த சுமைத் தொட்டி என்ற அமைப்பு. அதாவது, இன்று நாம் 'பிக்-அப்' என்று அழைக்கும் வடிவம். அடியில் எஃகுப் பட்டைகளைப் பற்றவைத்துச் செய்த பெட்டி வடிவச் சட்டம். போருக்குப் பிந்தைய வறுமையால் கையாளப்பட்ட இந்த எளிமைதான், முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒரு மலைக் கிராமத்தில் சுத்தியலும் பற்றவைப்புக் கருவியும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வண்டிகளைச் சீர்செய்ய வழிவகுத்திருக்கிறது.

31 கிலோமீட்டர் சோதனைக்களம்

மானேபஞ்ஜங் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிருந்து சிங்கலீலா மலைத்தொடரின் முகட்டை ஒட்டிச் செல்லும் பாதை, மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்பூவில் (3,636 மீட்டர்) முடிகிறது. தொலைவு 31 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்தத் தொலைவுக்குள் வண்டி ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம் ஏறியாக வேண்டும். வழியில் சித்ரே, மேக்மா, தும்லிங், கைரிபாஸ், காலிபோக்ரி ஆகிய சிற்றூர்கள். பாதை இந்திய எல்லைக்குள்ளும் நேபாளத்துக்குள்ளுமாக மாறி மாறிச் செல்கிறது. சந்தக்பூவுக்கு அப்பால் மேலும் 21 கிலோமீட்டரில் பாலூட் முகடு உள்ளது.

வானம் தெளிவாக இருக்கும் நாளில் சந்தக்பூவிலிருந்து எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மக்காலு ஆகிய நான்கு சிகரங்களையும் காணலாம். உலகின் மிக உயரமான ஐந்து சிகரங்களுள் நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்க முடிவதால், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நடந்து ஏற முடியாதவர்களை லேண்ட்ரோவர்கள் ஏற்றிச் செல்கின்றன. சுற்றுலாப் பயணிகளைவிட முக்கியமான இன்னொரு சுமையும் உண்டு. முகட்டில் உள்ள வீடுகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, சமையல் எரிவாயு உருளை, கட்டுமானப் பொருள்கள் யாவும் கீழிருந்து ஏறி வந்தாக வேண்டும். மேலே ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் கீழே இறக்கிவருவதும் இந்த வண்டிகளே.

நெடுங்காலம் இப்பாதை கருங்கல் பாறைகளைப் பரப்பிய தடமாகவே இருந்தது. கொண்டை ஊசி வளைவுகள் சிலவற்றில் வண்டியை ஒரே வீச்சில் திருப்ப இயலாது. பின்னோக்கி வந்து மறுபடி முன்னேற வேண்டும். சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பள்ளத்தாக்கு. இத்தகைய பாதையில், நீளம் குறைந்த, நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி மட்டுமே பிழைக்கும். 2018-இல், லேண்ட்ரோவர் நிறுவனம் தனது எழுபதாம் ஆண்டையொட்டி இவ்வூரைப் பற்றிக் குறும்படம் ஒன்றை வெளியிட்டபோது, இங்கு 42 பழைய லேண்ட்ரோவர்கள் ஓடிக்கொண்டிருப்பதாகக் கூறப்பட்டது.

முற்றத்தில் நடக்கும் அறுவைச் சிகிச்சை

கற்பாதையில் தினமும் குலுங்கும் வண்டியில் முதலில் களைப்படைவது அடிச்சட்டம். மழை, மூடுபனி, சேறு ஆகியவற்றால் எஃகுச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. எஃகும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஈரம் புகுந்தால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். எனவே இத்தகைய வண்டியைப் பராமரிப்பவர் முதலில் கற்றுக்கொள்வது, சுத்தியலால் சட்டத்தைத் தட்டிப் பார்த்து ஒலியைக் கொண்டு அரிப்பை அறிவதுதான். கணீரென்று ஒலித்தால் சட்டம் திடமாக உள்ளது. மொத்தென்று ஒலித்தால் அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும்.

அடுத்தது வில். லாரிக்காரர்கள் 'பட்டை' என்று அழைக்கும் எஃகுத் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியதே லேண்ட்ரோவரின் வில். அதில் ஒரு தகடு முறிந்தால் முழு அடுக்கையும் எறிய வேண்டியதில்லை. உலையில் காய்ச்சி வளைத்த வேறு வண்டியின் தகடு ஒன்றை அளவுக்கு வெட்டி அடுக்கில் செருகலாம். சுமை கூடினால் தகடு ஒன்றைக் கூட்டலாம். நவீன வண்டிகளின் சுருள் வில்லிலோ காற்று வில்லிலோ இது சாத்தியமில்லை.

சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் தண்டு முறிவது பழைய லேண்ட்ரோவர்களில் எல்லா நாடுகளிலும் அறியப்பட்ட குறை. ஆயினும் பல மாதிரிகளில் சக்கரத்தைக் கழற்றாமலேயே தண்டை வெளியே உருவியெடுத்து வேறு தண்டைச் செருகிவிட முடியும். மாற்றுத் தண்டு கையில் இல்லாவிட்டாலும், பின் இயக்கத்தைத் துண்டித்துவிட்டு முன் சக்கரங்களின் இழுவையாலேயே ஊர் வந்து சேரலாம். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் இறங்கும் முகட்டில் இந்த வசதி சொகுசு அன்று, உயிர்ப் பாதுகாப்பு.

புதிய பாகம் கிடைக்காதபோது லேத் பட்டறை கைகொடுக்கிறது. தேய்ந்த பாகத்தை மாதிரியாகக் காட்டி அதே அளவில் கடைந்து வாங்கிக்கொள்ளலாம். சமவெளியில் உள்ள சிலிகுரி நகரத்தின் பட்டறைகளும் பழைய பாகக் கடைகளும் இந்த மலைக்கு ஆதாரம். ஓடமுடியாமல் போன வண்டி ஒன்று மற்ற வண்டிகளுக்கு உதிரி பாகக் களஞ்சியமாகிறது. கதவு ஒன்றுக்கு, கியர் பாக்ஸ் வேறொன்றுக்கு என்று பிரிந்து, அது பிற வண்டிகளில் தொடர்ந்து ஓடுகிறது.

சிங்கலீலா தேசியப் பூங்கா ஆண்டுதோறும் ஜூன் 16 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காலத்துக்காக மூடப்படுகிறது. சுற்றுலா வருவாய் நின்றுபோகும் அந்த மூன்று மாதங்களே முழுமையாகப் பிரித்துப் பூட்டும் பெரிய வேலைகளுக்கு உகந்த காலம். தகப்பனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்த சிறுவனே பின்னாளில் வண்டியை ஓட்டுகிறான். பயணிகள் 'தாஜு' (அண்ணன்) என்று நேபாளி மொழியில் அழைக்கும் இந்த ஓட்டுநர்களின் தொழிற்கல்வி இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது.

லேண்ட்ரோவருக்குள் மகிந்திரா

இந்த வண்டிகளில் நேர்ந்த மாற்றங்களுள் மிகப் பெரியது எஞ்சின் மாற்றம்தான். தொடக்ககால சீரீஸ்-1 வண்டிகளில் இருந்தவை 1.6 லிட்டர், பின்னர் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள். அவற்றின் பாகங்கள் அரிதாகின. பெட்ரோல் செலவும் கட்டுப்படியாகவில்லை. எனவே உரிமையாளர்கள் அவற்றை எடுத்துவிட்டு, நாடெங்கும் பாகங்கள் கிடைக்கக்கூடிய மகிந்திரா டீசல் எஞ்சின்களைப் பொருத்தினர்.

டீசலைத் தேர்ந்தெடுத்ததற்கு விலை மட்டும் காரணமன்று. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. சந்தக்பூவின் உயரத்தில், காற்றழுத்தி இல்லாத சாதாரண எஞ்சின் தன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். குறைந்த வேகத்திலேயே அதிக இழுவிசை தரும் டீசல் எஞ்சின், ஆமை வேகத்தில் பாறை ஏறும் பணிக்கு ஏற்றது. தீப்பொறிக்கான பிளக், காயில் போன்றவை அதற்குத் தேவையில்லை என்பதால் மூடுபனி ஈரத்தில் நின்றுபோகும் தொல்லையும் குறைவு.

ஆனால் ஒரு நிறுவனத்தின் எஞ்சினை மற்றொரு நிறுவனத்தின் வண்டியில் வைப்பது, கழற்றிப் பூட்டுவது போன்ற எளிய செயலன்று. முதலில் பழைய எஞ்சின் அமர்ந்திருந்த தாங்கிகளை வெட்டியெடுத்துப் புதியவற்றைச் சட்டத்தில் பற்றவைக்க வேண்டும். எஞ்சினின் பின்முகத்தில் உள்ள துளைகள் லேண்ட்ரோவரின் கியர் பாக்ஸோடு பொருந்தாது. இரண்டுக்கும் இடையே தடித்த இணைப்புத் தகடு ஒன்றைக் கடைந்து வைக்க வேண்டும். அதன் மையம் முடியளவு விலகினாலும் கிளட்சும் பேரிங்கும் விரைவில் தேய்ந்துபோகும். கியர் பாக்ஸையும் சேர்த்து மாற்றினால், சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டுசெல்லும் நீள் தண்டுகளை வெட்டிக் குறைக்கவோ கூட்டவோ வேண்டியிருக்கும். புதிய எஞ்சின் கனமானது என்றால் முன் வில்லுக்குத் தகடு கூட்ட வேண்டும். ரேடியேட்டர், புகைக்குழாய், கிளட்ச் இணைப்பு என ஒவ்வொன்றும் இடம் மாறும்.

இதில் வரலாற்றின் வேடிக்கை ஒன்றும் உண்டு. லேண்ட்ரோவரின் முதல் மாதிரி, ஜீப்பின் அடிச்சட்டத்தின் மீது பிறந்தது. 1940-களின் இறுதியில் இந்தியாவில் அதே வில்லீஸ் ஜீப்பைக் கொண்டுவந்து வாகனத் தொழிலைத் தொடங்கிய நிறுவனம் மகிந்திரா. அறுபது, எழுபது ஆண்டுகள் கழித்து அந்த ஜீப் மரபின் எஞ்சின், லேண்ட்ரோவரின் முகப்புக்கு அடியில் வந்து அமர்ந்திருக்கிறது. இதற்கிடையே 2008-இல் லேண்ட்ரோவர் நிறுவனத்தையே இந்தியாவின் டாடா மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. ஆங்கிலேயர் விட்டுச் சென்ற வண்டியின் பெயரும் இன்று ஓர் இந்திய நிறுவனத்துக்கே சொந்தம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வண்டியைப் பிழைக்க வைத்த இந்தக் கைவேலைக்குச் சட்டத்தில் இடம் சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, முதலில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஒப்புதல் பெற்று வாகனத்தில் மாற்றம் செய்ய அனுமதித்தது. 2000-ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தம் அதை இறுக்கியது. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். எரிபொருள் மாற்றத்துக்கான அங்கீகரிக்கப்பட்ட கருவித் தொகுதி போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் தரப்பட்டுள்ளன. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதே நிலையை உறுதிப்படுத்தியது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டம் தண்டனையையும் வரையறுத்தது. அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மானேபஞ்ஜங்கின் வண்டிகளில் எது எந்த ஆண்டில், எத்தகைய ஒப்புதலுடன் எஞ்சின் மாற்றப்பட்டது என்பது வண்டிக்கு வண்டி வேறுபடக்கூடியது. ஆனால் இன்று ஓர் எஞ்சின் முற்றிலும் பழுதானால், முன்பு செய்ததுபோல் கிடைத்த வேறு எஞ்சினைத் தேடிப்பிடித்துப் பொருத்துவது சட்டப்படி எளிதன்று.

பழம்பெரும் வாகனம் என்ற தகுதியாவது இவற்றுக்குக் கிடைக்குமா? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளை அறிவித்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்கள் 'வி.ஏ.' என்ற எழுத்துகளுடன் தனிப் பதிவெண் பெறலாம். வயது என்ற நிபந்தனையை இந்த லேண்ட்ரோவர்கள் எளிதாகக் கடந்துவிடும். ஆனால் அவ்விதிகளின்படி, வாகனம் அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். அடிச்சட்டம், மேற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. வணிகப் பயன்பாட்டில் இருக்கக் கூடாது. மூன்று நிபந்தனைகளில் ஒன்றைக்கூட உழைக்கும் வண்டியால் நிறைவேற்ற இயலாது.

ஆக, பழைய வாகனத்துக்குச் சட்டம் இரண்டு வழிகளைத் தெளிவாகக் காட்டுகிறது: ஒன்று காட்சிப்பொருளாக இருக்க வேண்டும், அல்லது காயலான் கடைக்குச் செல்ல வேண்டும். பழுதுபார்த்துப் பழுதுபார்த்து, பாகம் மாற்றிப் பாகம் மாற்றி, வேலையிலேயே வாழும் வண்டிக்கு அங்கு பெயரில்லை என்பதுதான் சிக்கலின் மையம்.

சமவெளியிலும் இதே கதை

மலையில் மட்டுமன்று, வட இந்தியச் சமவெளியிலும் இந்த இழுபறி நீண்டகாலமாக இருந்துவருகிறது. பஞ்சாப் எல்லையை ஒட்டிய ஹரியாணா மாநிலத்தின் மண்டி டப்வாலி, பழைய ஜீப்களின் பாகங்களைக் கொண்டு புதுப்பித்தும் மாற்றியமைத்தும் தரும் பட்டறைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், பஞ்சாப் கிராமங்களில், பாசன பம்பு செட்டின் டீசல் எஞ்சினை மரத் தொட்டியுடன் இணைத்துச் செய்யப்படும் 'ஜுகாட்' வண்டிகள் உழவரின் மலிவான சுமைவண்டி. அவையும் மோட்டார் வாகனங்களே. சட்டத்துக்கு உட்பட்டே ஓட வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2022 ஏப்ரலில் பஞ்சாப் மாநிலப் போலீஸார், மோட்டார் சைக்கிளை வண்டியுடன் இணைத்த ஜுகாட்கள் மீது நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டனர். காய்கறியும் பழைய பொருள்களும் விற்றுப் பிழைப்போரிடமிருந்து எழுந்த எதிர்ப்பால் அந்த உத்தரவு சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. சட்டம் ஒரு பக்கமும் பிழைப்பு மறுபக்கமும் நிற்கும்போது, நடவடிக்கையை அறிவிப்பதும் பிறகு நிறுத்திவைப்பதும் வழக்கமாகிவிட்டதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன. தலைநகரில் 2025 ஜூலையில் நடந்ததும் ஏறத்தாழ இதுவே.

மறுபக்கமும் உண்டு

இந்தக் கட்டுப்பாடுகள் காரணமின்றி வந்தவை அல்ல. பழைய டீசல் எஞ்சின்களில் புகைத்துகளைத் தடுக்கும் வடிகட்டி கிடையாது. இந்தியாவில் டீசல் வாகனங்களுக்கான புகை வரம்புகள் முதன்முதலில் 1992-இல்தான் வந்தன. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் ஸ்டேஜ்-6' தரத்தோடு ஒப்பிட்டால் பழைய எஞ்சின்கள் வெளியிடும் மாசு பன்மடங்கு அதிகம். மேலும் இவை செல்வது அரிய உயிரினங்கள் வாழும் காடு. டார்ஜிலிங் விலங்கியல் பூங்காவில் பிறந்து வளர்ந்த சிவப்புப் பாண்டாக்கள் 2003-இல் விடப்பட்டது இதே சிங்கலீலா காட்டில்தான்.

பாதுகாப்பும் புறக்கணிக்கத்தக்க விஷயமன்று. நான்கு சக்கரங்களிலும் பழைய டிரம் பிரேக். அது நனைந்தால் பிடிப்புக் குறையும். இருக்கை வார் இல்லை. மோதினால் காக்கும் அமைப்பு இல்லை. திறமையற்ற கையால் பற்றவைக்கப்பட்ட ஒரு சட்டமோ, மையம் தவறிப் பொருத்தப்பட்ட ஸ்டியரிங் இணைப்போ பள்ளத்தாக்கு ஓரத்தில் உயிருக்கே உலைவைக்கும். வீட்டு முற்றத்தில் செய்த வேலை எல்லாம் நல்ல வேலை ஆகிவிடாது. கைதேர்ந்தவரின் மாற்றத்தையும் அரைகுறை மாற்றத்தையும் வேறுபடுத்திப் பார்க்க ஏற்பாடு இல்லாததால்தான், சட்டம் எல்லா மாற்றங்களையும் ஒரே கோலால் அளக்கிறது.

வயதைவிடத் தகுதியைப் பார்ப்பது என்ற கொள்கை மத்திய அரசுக்குப் புதிதன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட வாகனக் கழிவுக் கொள்கை, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை, தகுதிச் சோதனையில் தேறாத வண்டியையே ஆயுள் முடிந்ததாகக் கருதுகிறது. சரக்கு, வாடகை வாகனங்கள் எட்டாண்டுகளைக் கடந்தால் ஆண்டுதோறும் தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும் என்ற விதியும் உள்ளது. பிரேக், புகை, ஸ்டியரிங், அடிச்சட்டம் ஆகியவற்றை உண்மையாகவே சோதிக்கும் ஏற்பாடு இருந்தால், எஞ்சின் மாற்றப்பட்ட வண்டியையும் அதே அளவுகோலில் நிறுத்திப் பார்க்க முடியும். தேறினால் ஓடட்டும், தேறாவிட்டால் நிற்கட்டும். சோதனை கடுமையாக இருப்பதில் நல்ல மெக்கானிக்குக்கு இழப்பு ஏதுமில்லை.

பாதை சீரானால் யாருக்கு லாபம்?

லேண்ட்ரோவர்களுக்கு இன்னொரு சோதனை பாதையிலிருந்தே வந்திருக்கிறது. கற்கள் பரப்பிய தடத்தின் பல பகுதிகள் அண்மைக் காலத்தில் கான்கிரீட் பாதையாக மாறியுள்ளன. முகட்டில் வாழும் மக்களுக்கு இது நன்மை. நோயாளி விரைவில் மருத்துவமனை சேரலாம், பொருள்கள் குறைந்த செலவில் வரலாம். ஆனால் கற்பாதைக்கென்றே பிழைத்திருந்த வண்டிக்கு அங்கிருந்த தனியுரிமை பறிபோயிற்று. பொலேரோ போன்ற புதிய வண்டிகளும் மேலே ஏறுகின்றன. அவற்றில் குலுக்கல் குறைவு, கண்ணாடிச் சன்னல் உண்டு, குளிர் தெரியாது. பழைய வண்டியில் ஏற வேண்டும் என்று விரும்பி வரும் பயணியை நம்பியே இனி லேண்ட்ரோவர் ஓட வேண்டும்.

அந்த நிலை வந்தால் நட்டமடைவது வண்டி மட்டுமன்று. புதிய வண்டியின் எஞ்சினைக் கட்டுப்படுத்துவது கணினிச் சில்லு. அதன் கோளாறைக் கண்டறிய நிறுவனத்தின் கருவி வேண்டும். வீட்டு முற்றத்தில் ஸ்பானருடன் படுத்துச் செய்ய அதில் வேலை மிகக் குறைவு. வில்லைத் தட்டி ஒலி கேட்டு, இணைப்புத் தகட்டைக் கையால் அளந்து கடைந்து, முறிந்த தண்டை இருட்டில் மாற்றிக் கற்ற அறிவு, அடுத்த தலைமுறைக்குத் தேவைப்படாமலே போய்விடலாம்.

தலைநகரில் நீதிமன்றமும் அரசும் ஆண்டுகளை எண்ணுகின்றன. அதற்கு மாசு நிறைந்த காற்று என்ற வலுவான காரணம் இருக்கிறது. மானேபஞ்ஜங்கில் எண்ணப்படுவது ஆண்டுகள் அல்ல. எத்தனை முறை சட்டம் பற்றவைக்கப்பட்டது, எத்தனையாவது எஞ்சின், எந்தப் பட்டை புதிது என்பவைதான். ஒரு கணக்கை மட்டும் வைத்து மற்றொன்றைத் தள்ளிவிடாமல், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் விதி ஒன்று உருவாகும் வரை இவ்வண்டிகளின் நிலை அந்தரத்தில்தான் இருக்கும்.

அதுவரை முற்றத்து வேலை நிற்கப்போவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் நடுவில் பூங்காவின் வாயில் திறக்கும்போது, மழைக்காலம் முழுவதும் பிரித்துப் பூட்டப்பட்ட லேண்ட்ரோவர்கள் மறுபடியும் அடிவாரத்தில் வரிசையில் நிற்கும். சந்தக்பூவுக்கு ஏறும் 31 கிலோமீட்டர்தான் அவற்றின் ஆண்டுத் தேர்வு. இதுவரை அதில் தேறியவையே இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.